பேச்சியின் முறை

ரெக்ஸ்லின் அடுத்து என்ன சொல்லப் போகிறான் என்பது அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே டெல்பினுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தான், மேடையின் நடுவில் நடுவராக உட்கார்ந்திருந்த அவளை ஒருமுறை திரும்பிப் பார்த்தான், அனுமதி கேட்பதுபோல் ஒரு பார்வை, கேட்டதாலேயே கிடைத்துவிட்டதுபோல் ஒரு பார்வை, வேண்டாம்டா என்று அவள் கண்ணால் சொன்னாள், சொன்னாளா, சொல்ல நினைத்ததோடு சரியா, அதற்குள் அவன் கூட்டத்தின் பக்கம் திரும்பிவிட்டான். "இந்தப் போர் எங்கேயோ நடக்கிறது என்கிறார்கள். இல்லை நண்பர்களே. இதோ இந்த மேடையில் அமர்ந்திருக்கும் நம் டெல்பின் மேடத்தின் உடன்பிறந்த தம்பி, நம் ஊர்ப்பிள்ளை, கூலிக்குக் கப்பலேறிய ஒரு தொழிலாளி, வடகரைக்காரன் ஏவிய குண்டுக்குப் பலியானாரே, அவர் என்ன குற்றம் செய்தார்?" கைதட்டல் எழவில்லை. அதைவிட மோசமான ஒன்று எழுந்தது, இழவு வீட்டு வாசலில் எழுமே அந்த உச்சுக்கொட்டல், வரிசை வரிசையாக, பிறகு அரங்கத்து முகமெல்லாம் அவள் முகத்துக்குத் திரும்பியது. முகத்தை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அழுதால் ரெக்ஸ்லின் ஜெயித்தான். அழாவிட்டால் என்ன பொம்பளை இவள், கூடப்பிறந்தவன் செத்ததற்குக் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறாளே என்பார்கள். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுக்கு ஒருதரம் நொண்டியது, தம்பி கிளாட்வினை மேடைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், கேட்காமல் கொண்டுவந்துவிட்டார்கள், மேடை என்றாலே ஓடுகிறவனை, பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மரமாக நிற்கச் சொன்னதற்கே காய்ச்சல் வரவழைத்துக்கொண்டு போர்த்திப் படுத்தவனை. யக்கா, நான் மரமாவும் இருக்க மாட்டேன், மண்ணாவும் இருக்க மாட்டேன், டீச்சர்ட்ட சொல்லிரு. சொல்லிவிட்டு வந்தாள் அன்றைக்கு. இன்றைக்கு யாரிடம் போய்ச் சொல்வது.

வடகரை, தென்கரை என்பது கப்பலுக்குப் போகிற தூத்துக்குடிக்காரர்கள் வைத்த பெயர். ஒடுக்கமான ஒரு கடல், அதன் இரண்டு பக்கமும் இரண்டு நாடு, இரண்டிலும் இந்த ஊர்ப் பிள்ளைகள், தென்கரையில் எண்ணெய்க் கப்பலில், வடகரையில் ஆஸ்பத்திரியில், கட்டட வேலையில். சண்டை தொடங்கிய நாளிலிருந்து ஊரும் இரண்டு கரையாகப் பிரிந்துவிட்டது, யாருக்கு எங்கே ஆள் இருக்கிறதோ அந்தப் பக்கம் நியாயம். முதலில் டீக்கடையில் சிரித்துக்கொண்டுதான் பேசினார்கள். கிளாட்வின் வேலை பார்த்த கப்பல் எரிந்த பிறகு சிரிப்பு நின்றது, கடலில் இறங்கித் தேடியவர்கள் வெறுங்கையோடு திரும்பிய பிறகு பேச்சும் நின்றது, பேசாமலேயே ஒருத்தர் கடைக்கு ஒருத்தர் போகாமல் ஆனார்கள், கல்லூரி விடுதியில் பிள்ளைகள் அறை மாற்றிக் கேட்டார்கள், சாப்பாட்டுக் கூடத்தில் தட்டைத் தூக்கிக்கொண்டு மேசை மாறினார்கள், ஒருநாள் காலையில், அம்மா வடகரையில் இருக்கிற பேச்சியம்மாளின் அறைக் கதவில் சுண்ணாம்புக்கட்டியால் துரோகி என்று எழுதியிருந்தது. துரோகியில் துணைக்காலை மறந்துவிட்டுப் பிறகு நுழைத்திருந்தான் எழுதியவன், அல்லது எழுதியவள். அந்தத் துணைக்காலைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் டெல்பினுக்கு இந்த யோசனை வந்தது. கதவில் எழுதுகிறதை மேடையில் சொல்லட்டும். பெயரோடு சொல்லட்டும், முகத்தைக் காட்டிச் சொல்லட்டும், சொன்னபிறகு நின்று பதிலையும் கேட்கட்டும். வரலாற்றுத் துறைப் பேராசிரியை, பேச்சு மன்றத்தின் பொறுப்பாளர், அவள் செய்யாமல் வேறு யார் செய்வது. கல்லூரிச் செயலர் தலையில் கைவைத்துக்கொண்டார். "எதுக்கும்மா இந்த வேலை? எங்கேயோ நடக்குற சண்டை." "எங்கேயோ இல்ல சார், நம்ம விடுதியில நடக்குது." "போலீஸ்ல இருந்து கேட்டாங்க. ரெண்டு பக்கமும் பேச விடுறீங்களாமே?" "ஒரு பக்கம் மட்டும் பேசினா அதுக்குப் பேரு வேற சார்." அன்றைக்கு எவ்வளவு துடுக்காகச் சொன்னாள், நாற்காலியின் கைப்பிடியைத் தட்டிக்கூடச் சொன்னாள் போல. சொல்வது லேசு. மன்றத்துக்கு ஒரே விதி, அவளே வைத்தது, பேசுகிறவரை முடிக்க விடு, முடித்தபிறகு வார்த்தையைக் கிழி, ஆளைக் கிழிக்காதே. கரும்பலகையில் எழுதிப் போட்டபோது இரண்டாவதாகப் பேசப் போகிறவள் யார் என்று தெரியும், அவள் எந்தப் பக்கம் பேசுவாள் என்றும் தெரியும், அதை உட்கார்ந்து கேட்க வேண்டியது எந்தக் காதுகள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. கடைசி வரிசையில் மஃப்டியில் வந்திருந்த போலீஸ்காரர் செல்போனை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்திருந்தார், படம் எடுப்பது தெரியக் கூடாதாம். வெளியே துறைமுகத்துப் பக்கமிருந்து உப்புக்காற்று ஜன்னல் கம்பியில் முனகியது.

ரெக்ஸ்லின் முடித்துவிட்டான். நன்றாகப் பேசினான், அது உண்மை, அவன் அப்பாவும் எண்ணெய்க் கப்பலில் இருக்கிறார், மூன்றாம் வாக்கியத்தில் தொண்டை அடைத்தது நடிப்பில்லை. கைதட்டல் இப்போது வந்தது, ஒத்திவைத்த கைதட்டல், தரை அதிர. டெல்பின் மைக்கை இழுத்துக்கொண்டாள். "அடுத்து, எதிரணியில், மூன்றாம் ஆண்டு வேதியியல், பேச்சியம்மாள்." தன் குரல் சரியாகத்தான் இருந்தது என்று தோன்றியது, வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கிற குரல். பேச்சி படியேறி வந்தாள். ஒல்லி, காக்கி நிறத்துக்குப் பக்கத்தில் ஒரு சுடிதார், துப்பட்டாவை இரண்டு பக்கமும் பின் குத்தியிருந்தாள், எங்கோ சண்டைக்குப் போகிறவள்போல் அவ்வளவு இறுக்கமாக. ஊர் உடன்குடிக்குப் பக்கம். அம்மா வடகரையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ், இவள் ஏழாவது படிக்கும்போது போனவள், அப்பா இல்லை. தென்கரையின் விமானங்கள் அந்த ஆஸ்பத்திரியின் ஒரு பகுதியை இடித்துப்போட்ட செய்தி வந்த அன்று இவள் ஆய்வகத்தில் குடுவையைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் நின்றாளாம், அம்மா பிழைத்திருக்கிறாள் என்று தகவல் வரும்வரை யாராலும் அதைப் பிடுங்க முடியவில்லையாம். இதெல்லாம் டெல்பினுக்குத் தெரியும். தெரிந்தும் இப்போது அந்தப் பெண் மைக்கின் உயரத்தைச் சரிசெய்வதைப் பார்க்கையில் அவளுக்குள் எழுந்தது இரக்கம் இல்லை. நடுவிலிருந்து ஒரு குரல், "பேச்சி, பேச்சை நிறுத்து!" சிரிப்பு. இன்னொரு குரல், "இன்னும் ஆரம்பிக்கவே இல்லையேல, அதுக்குள்ள என்னத்த நிறுத்த?" பெரிய சிரிப்பு. டெல்பின் மேசை மணியை ஒருதரம் தட்டினாள். சிரிப்பு அடங்கியது, ஆனால் அடங்கிய விதம் பிடிக்கவில்லை, கொதிக்கிற பாலில் கரண்டியைப் போட்டால் அடங்குமே அப்படி. "அவைக்கு வணக்கம்," என்றாள் பேச்சி. வணக்கத்தின் க்க ஒலிபெருக்கியில் வெடித்தது.

தடுமாறட்டும். அந்த எண்ணம் எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை, வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது, வீட்டுப் பூனை மாதிரி, எத்தனையோ நாளாக அங்கேதான் இருந்ததுபோல். தடுமாறட்டும், வார்த்தை மறந்து போகட்டும், அழுதுகொண்டு இறங்கிவிடட்டும், அப்போது நான் தோளைத் தட்டிக் கொடுப்பேன், பரவாயில்லைம்மா என்பேன், நல்லவளாகவும் இருப்பேன், கேட்காமலும் இருப்பேன். கடிகாரத்தைப் பார்த்தாள். மணி அவள் கையில், முதல் மணி எச்சரிக்கை, அடுத்தது முடிவு, யாரும் கணக்குப் பார்க்கப் போவதில்லை, கொஞ்சம் முன்னாலேயே அழுத்தினால் என்ன, அவள் உள்ளங்கை மணியின் குமிழ்மேல் இருந்தது, பித்தளை சில்லென்று இருந்தது, பிறகு சில்லென்று இல்லை, கையின் சூடு ஏறிவிட்டது. பேச்சி எண்ணெய் விலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள், எந்த நாடு யாருக்கு ஆயுதம் விற்றது என்று, நன்றாகத்தான் படித்துவிட்டு வந்திருக்கிறாள், குரல் மட்டும் ஓரத்தில் நடுங்கியது. கிளாட்வின் கப்பலில் பம்ப்மேன். எண்ணெயை ஏற்றுவதும் இறக்குவதும் அவன் வேலை. வீடியோவில் கூப்பிடுவான், பின்னால் குழாய் குழாயாகத் தெரியும், முகமெல்லாம் வேர்வை, பல் மட்டும் வெளுப்பு. "யக்கா, இங்க கடல் மொளவுத்தண்ணி மாதிரி சூடா கெடக்கு, கால வச்சா வெந்துரும்." "சண்டை நடக்குற இடத்துக்கு ஏம்ல போவணும்? எறங்கி வந்துரேன்." "எறங்கி? நடந்தா வரச் சொல்லுத?" "யாருக்குல இந்த எண்ணெய் போவுது?" அப்போது சிரித்தான். "அதெல்லாம் எவன் சொல்லுவான் நம்மட்ட. பம்பைப் போடுன்னா போடுவேன், நிறுத்துன்னா நிறுத்துவேன். எண்ணெய்க்கு என்னக்கா கட்சி." இணைப்பு விட்டுவிட்டு வந்தது, அந்தச் சிரிப்பு பாதியில் உறைந்து திரையில் நின்றது, வாய் திறந்தபடி. இப்போதும் அப்படித்தான் நிற்கிறான். சாப்பிடும்போது நிற்கிறான், பாடம் நடத்தும்போது, பஸ்ஸில் சில்லறை வாங்கும்போது நிற்கிறான். மாதா கோவிலில் பூசை வைத்தார்கள், சவப்பெட்டி இல்லாத பூசை, படத்துக்கு முன்னால் தூபம் போட்டார் சாமியார், அவள் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை, பீடத்துத் துணியின் ஓரத்தில் பிரிந்திருந்த ஒரு நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன சொன்னாள் இப்போது இந்தப் பெண்? கப்பல் என்றாளா?

"அந்தக் கப்பலைப் பற்றி நண்பர் ரெக்ஸ்லின் சொன்னார்." பேச்சி குறிப்புத் தாளை மடித்துவிட்டாள். "நானும் சொல்ல வேண்டியிருக்கு. அது சும்மா போன கப்பல் இல்ல. தென்கரையோட போர் விமானங்களுக்கு எரிபொருள் கொண்டுபோன கப்பல். அந்த எண்ணெயைக் குடிச்சுட்டுப் பறந்து வந்த விமானம்தான் எங்கம்மா வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியை இடிச்சுது. மேடத்தோட தம்பி இறந்ததுக்கு நான் அழுதேன், சத்தியமா அழுதேன். ஆனா அந்தக் கப்பலை அடிச்சது குற்றம்னு நான் சொல்ல மாட்டேன்." அரங்கமே எழுந்து நின்றது. நாற்காலிகள் பின்னால் சாய்ந்து விழுந்த சத்தம் முதலில், அதன்மேல் குரல்கள், "கீழ எறங்குடி", "மேடத்து மூஞ்சியப் பாத்துச் சொல்லு", "மன்னிப்புக் கேளு", "மன்னிப்பு", "மன்னிப்பு", அது ஒரு தாளமாகவே ஆகிவிட்டது, ஒரு தண்ணீர் பாட்டில் பறந்து வந்து மைக்கின் காலில் பட்டு உருண்டது. பேச்சி நகரவில்லை. மைக்கின் தண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். டெல்பினுக்குக் காதுக்குள் தண்ணீர் புகுந்ததுபோல் இருந்தது. அடிச்சது குற்றம்னு சொல்ல மாட்டேன். என்ன துணிச்சல். பம்பைப் போடுன்னா போடுகிறவனை, மொளவுத்தண்ணி என்று சிரித்தவனை. இவளைப் பிடித்து உலுக்க வேண்டும், கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும், கை நிஜமாகவே துடித்தது, வலது கை, மணியின்மேல் இருந்த கை. ஒரு அழுத்து போதும். எச்சரிக்கை எல்லாம் வேண்டாம், இப்போது அடித்தால் அதுவே முடிவு மணி. கூட்டம் அதைத்தான் கேட்கிறது, அவளுக்காகத்தான் கேட்கிறது, இத்தனை பிள்ளைகள், யார் யாரோ பெற்ற பிள்ளைகள், அவள் தம்பிக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறார்கள், பூசைக்குக்கூட இத்தனை பேர் வரவில்லை. அழுத்தினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். செயலர் நிம்மதியாகப் பெருமூச்சு விடுவார், போலீஸ்காரர் போனை இறக்குவார், ஊரே அவளைக் கட்டிக்கொள்ளும். கிளாட்வினுக்காக அழுத்து என்றது உள்ளே ஒரு குரல். கிளாட்வின் என்ன சொல்லியிருப்பான்? தெரியவில்லை. கேட்டால் உயிரோடு இருக்கிறவர்கள்தான் பதில் சொல்வார்கள். செத்தவன் எந்தப் பக்கம் நிறுத்தினாலும் நிற்பான், ரெக்ஸ்லின் ஒரு பக்கம் நிறுத்தினான், பேச்சி இன்னொரு பக்கம், நாளைக்கு அந்தப் போலீஸ்காரரின் கோப்புக்குள் நிற்பான், மரமாகக்கூட நிற்க மாட்டேன் என்றவன். அந்த எண்ணெய் எங்கே போனது? இவள் சொல்வது மெய்யா? மெய்யென்றால்? கம்பெனிக்காரன் சொல்லவில்லை, அரசாங்கம் சொல்லவில்லை, இதோ இந்த வேதியியல் பெண் சொல்கிறாள், அவள் வாயை அடைத்துவிட்டால் அந்தக் கேள்வி மட்டும் எங்கே போகும், என்னோடு வீட்டுக்கு வரும், சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே உட்காரும். நடுவரிசையிலிருந்து இரண்டு பேர் மேடைப் படியை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். பேச்சி அவர்களைப் பார்க்கவில்லை. டெல்பினைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வையாக இருந்திருந்தால் ஒருவேளை எரிச்சல் வந்திருக்கும். பயம்தான் இருந்தது அதில், வெறும் பயம், ஆனாலும் அந்தக் கைகள் தண்டை விடவில்லை.

டெல்பின் மணியை அழுத்தினாள். அழுத்தினாள், மறுபடி அழுத்தினாள், நிறுத்தாமல் அழுத்திக்கொண்டே எழுந்து நின்றாள், தீயணைப்பு வண்டி மணிபோல் அது அலற அலற, படியேறியவர்கள் நின்றார்கள், கத்தியவர்கள் வாயை மூடினார்கள், கடைசியில் அந்த மணிச்சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. அப்போதுதான் கையை எடுத்தாள். "இந்த மணி பேச்சிக்கு இல்ல," என்றாள். "உங்களுக்கு." இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் ஊன்றினாள். "செத்துப்போனது என் தம்பி. அழுறதுக்கு இந்த ஹால்ல உரிமை உள்ளவ நான். எனக்காக யாரும் சத்தம் போட வேண்டாம். நான் யாருக்கும் அந்த வேலையைக் கொடுக்கல. ரெக்ஸ்லின், உனக்கும்தான், என்னைக் கேட்காம அவன் பேரை நீ எடுத்திருக்கக் கூடாது." ரெக்ஸ்லின் தலையைக் குனிந்துகொண்டான். "பேச்சி சொன்னது எனக்குத் தப்புன்னு படுது. என் உடம்பெல்லாம் எரியுது, உண்மையைச் சொல்லுதேன். ஆனா எனக்கு எரியுதுங்கிறதுக்காக அவ வாயை அடைக்க முடியாது. அவ சொன்னது பொய்யின்னா இங்க வந்து நின்னு பொய்யின்னு காட்டுங்க. அநியாயம்னா அநியாயம்னு சொல்லுங்க. பாட்டிலை எறிஞ்சது யாரோ தெரியாது, அவங்களும் வந்து பேசலாம், கை நீளமா இருக்குறவங்களுக்கு நாக்கும் இருக்கும்." யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். "நாற்காலியை நிமுத்தி வச்சு உக்காருங்க. பேச்சி, கூட்டம் தின்ன நேரம் உன் கணக்குல இல்ல. நீ முடி."

பேச்சியின் வாய் அசைந்தது, மைக் அவள் மூச்சை மட்டும் வாங்கி அரங்கமெங்கும் பரப்பியது. உட்கார்ந்துவிடுவாளோ என்று டெல்பின் நினைத்தாள், உட்கார்ந்துவிடக் கூடாதே என்றும் நினைத்தாள், ஒரே மூச்சில் இரண்டும், எது தன்னுடையது என்று பிரிக்க முடியவில்லை. பிறகு அந்தப் பெண் பேசினாள், மேடைத்தமிழ் முழுக்கக் கழன்றுபோன ஒரு சின்னக் குரலில், முன்புபோல் அடுக்காக இல்லை, சில இடத்தில் சொன்னதையே சொன்னாள், ஒரு இடத்தில் தவறான கணக்குச் சொல்லித் தானே திருத்தினாள், எண்ணெய் நின்றால் விமானம் நிற்கும் என்றாள், கப்பலில் ஏறுகிறவனுக்கு அதைச் சொல்லாமல் ஏற்றுகிறவன்தான் முதல் கொலைகாரன் என்றாள். அந்த வார்த்தையில் டெல்பினின் கண்ணில் நீர் முட்டியது, முட்டியதற்காகக் கோபமும் வந்தது, இவள் சொல்லியா எனக்கு அழுகை வர வேண்டும். முடித்தபோது யாரும் கைதட்டவில்லை, கூச்சலும் இல்லை. பதில் சொல்ல ரெக்ஸ்லின் எழுந்து வந்தான். கையில் தாளே இல்லை. "ஒண்ணு மட்டும் கேக்கேன், பேச்சி. எங்கப்பாவும் டேங்கர்லதான் இருக்காவ. நாளைக்கு அவரு கப்பலை அடிச்சா, அதுவும் குற்றம் இல்லையா?" "தெரியல," என்றாள் பேச்சி. "குற்றம் இல்லன்னு உன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல வரல. எங்கம்மா அந்த ஆஸ்பத்திரியில செத்திருந்தா, அது குற்றமா?" "குற்றம்தான்," என்றான் அவன், யோசிக்காமல். சொன்னபிறகு யோசித்தான், அவன் நெற்றி சுருங்குவது டெல்பினுக்குத் தெரிந்தது, இதுவரை பேசியதற்கும் இந்த ஒரு வார்த்தைக்கும் நடுவில் ஏதோ இடித்துவிட்டதுபோல். அரங்கத்தில் ஒரு அமைதி, இது வேறு மாதிரி, கரண்டி போட்டு அடக்கியது இல்லை. பின்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள், பேசலாமா என்று. இன்னொருத்தன் தூக்கினான். யார் பக்கம் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

செயலர் அறையில் ஏசி அளவுக்கு மீறிக் குளிர்ந்தது, வேர்த்த ரவிக்கை முதுகில் ஈரத்துணியாக ஒட்டியது. மஃப்டிப் போலீஸ்காரர் சோபாவில் டீயோடு உட்கார்ந்திருந்தார், எழுந்து வணக்கம்கூடச் சொன்னார். செயலர் கெட்டவர் இல்லை, அதுதான் கஷ்டம், பூசைக்கு வந்தவர்களில் அவரும் ஒருவர், கடைசிவரை நின்றவர். "உக்காருங்கம்மா. தண்ணி குடிங்க. எவ்வளவு வேதனையா இருந்திருக்கும் உங்களுக்கு, நானே ஆடிப்போயிட்டேன்." அவள் குடித்தாள். பல் கூசியது. "அந்தப் பொண்ணு பேசினது இந்நேரம் ஊரெல்லாம் சுத்தும். நாளைக்கு ஒரு கூட்டம் கேட்டுக்கு வந்து நிக்கும். அதுக்கு முன்னால நாம ஒண்ணு பண்ணிட்டா நல்லது. என் மனசு புண்பட்டுதுன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுங்க போதும். அவளை சஸ்பெண்ட் பண்ணிரலாம், கொஞ்ச நாளைக்குத்தான், பிரச்சினை ஆறுற வரைக்கும். நீங்க குடுத்தா எவனும் கேள்வி கேக்க மாட்டான்." ஆமாம், கேட்க மாட்டான். செத்தவனின் அக்கா கொடுத்தது, யார் கேட்பார்கள். மேசைமேல் வெள்ளைத்தாள் தயாராக இருந்தது, பேனாகூட மூடி திறந்து கிடந்தது. எழுதினால் பொய்யும் இல்லை, புண்பட்டது நிஜம், இப்போதும் எரிகிறது, எழுதாவிட்டாலும் நாளைக்கு ஆறப் போவதில்லை. "மனசு புண்பட்டது நிசம் சார்," என்றாள். "ஆனா எழுதித் தர மாட்டேன்." "ஏம்மா, அந்தப் பிள்ளை சொன்னது உங்களுக்குச் சம்மதமா?" "ஒரு வார்த்தைகூடச் சம்மதம் இல்ல." சொல்லிவிட்டு, அது முழு உண்மையா என்று ஒரு கணம் தடுக்கியது, ஏற்றுகிறவன்தான் முதல் கொலைகாரன், அந்த வார்த்தை மட்டும், சரி, அதை இங்கே விரித்துக்கொண்டிருக்க முடியாது. "சம்மதம் இல்லாததைப் பேசுறதுக்குத்தானே சார் மன்றம் வச்சோம். பேசச் சொல்லிக் கூப்பிட்டது நான். வந்து பேசினவளை வெளிய தள்ளினா, அப்புறம் எந்தப் பிள்ளைட்ட போய் நான் பேசுன்னு சொல்ல?" போலீஸ்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். "தப்பா நினைக்காதீங்கம்மா, ஆனா உங்களுக்கே வருத்தம் இல்லைன்னா எங்களுக்கு என்ன." அவள் திரும்பிப் பார்த்தாள். இவருக்கும் வீட்டில் ஒரு அக்காவோ தங்கையோ இருக்கும். "வருத்தம் இருக்கு. அதை உங்க கையில தர்றதா இல்ல." செயலர் பேனாவை மூடினார். கோபமாக இல்லை, களைப்பாகத்தான் சொன்னார். "அப்போ மன்றத்தை வேற ஆள்ட்ட குடுக்க வேண்டியிருக்கும்மா. எனக்கும் பதில் சொல்ற இடம் இருக்கு." "குடுங்க சார். பேச்சியை மட்டும் விட்டுருங்க." அவர் சரியென்றும் இல்லாமல் இல்லையென்றும் இல்லாமல் தலையை ஆட்டினார், அந்தத் தாளை எடுத்து மேசை இழுப்பறைக்குள் வெறுமையாகவே போட்டார். இனி மன்றத்தில் பிளாஸ்டிக் ஒழிப்பு பற்றிப் பேசுவார்கள். பேசட்டும், அதுவும் பேச்சுதான்.

வெளியே வெயில் சாய்ந்திருந்தது, கேட்டுக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் பிள்ளைகள் கொத்துக் கொத்தாக நின்றார்கள், கொத்துகளுக்கு நடுவில் ஒரு வெற்றிடம், வெற்றிடத்தில் பேச்சி, தோளில் பெரிய பையோடு. விடுதியில் இன்றைக்குத் தங்க வேண்டாம் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும், ஊருக்குக் கிளம்பிவிட்டாள். டெல்பின் வழக்கமாக நிற்கிற இடம் அங்கே இல்லை, இந்தப் பக்கத்து நிறுத்தத்தில் அவள் பஸ் வரும், வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திப் படுத்துவிடலாம், இன்றைக்கு எவ்வளவுதான் செய்வது ஒரு ஆள். தெருமுனையில் இரண்டு பைக்குகள், ஓட்டுகிறவர்கள் இறங்காமல் காலை ஊன்றிக்கொண்டு அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், கல்லூரிப் பிள்ளைகள் இல்லை, வெளி ஆட்கள். கால் தானாகத் தெருவைக் கடந்தது. போய்ப் பக்கத்தில் நின்றாள், தோளோடு தோள் படாமல், ஒரு முழம் விட்டு. ஆறுதலாக ஒரு வார்த்தை வருமா என்று தேடிப் பார்த்தாள், வரவில்லை, வராததை வரவழைக்கவும் தோன்றவில்லை. பைக்கில் இருந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள், ஒருவன் மற்றவனிடம் ஏதோ சொன்னான், அது கப்பல்ல செத்தவனோட அக்கா என்றிருக்கலாம், கொஞ்ச நேரத்தில் வண்டியை உதைத்துக்கொண்டு போய்விட்டார்கள். "மேடம்," என்றாள் பேச்சி, தெருவைப் பார்த்துக்கொண்டே. "எம்மேல கோவமா இருக்கீங்களா?" "ஆமா." "ரொம்பவா?" "ரொம்ப." "நான் சொன்னதை மாத்த முடியாது மேடம்." "மாத்தச் சொல்லல." உடன்குடி பஸ் தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது, கூட்டம் வாசலில் முட்டியது, இவர்கள் இருவருக்கும் மட்டும் யாரோ வழி விட்டதுபோல் முன்னால் இடம் விழுந்தது. "உங்க வீடு இந்தப் பக்கம் இல்லையே மேடம்?" டெல்பின் அந்தப் பெண்ணின் பையை வாங்கிக்கொண்டாள், கனமாக இருந்தது, புத்தகமாகத்தான் இருக்கும். "அம்மா பேசினாங்களா?" என்று கேட்டாள். கேட்டது கோபமான குரலில்தான். "இந்த வாரம் இன்னும் இல்ல மேடம். லைன் கிடைக்கல." அந்தக் காத்திருப்பு எப்படி இருக்கும் என்று டெல்பினுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. "சரி, ஏறு," என்றாள், அவளை முன்னால் விட்டுப் பின்னால் தானும் ஏறி, "உடன்குடி ரெண்டு," என்று கண்டக்டரிடம் காசை நீட்டினாள்.